மார்செய்: கப்பல்லேர்ந்து இறங்கி நடந்தே பழைய துறைமுகம் பாத்துடலாமா?

கேள்வி, 11 மார்ச் 2024

ஜூன்ல மெடிட்டரேனியன் க்ரூஸ் போறோம், நான், வீட்டுக்காரர், மாமியார். பிரான்ஸோட மார்செய்ல காலைல 8லேர்ந்து சாயங்காலம் 5 வரைக்கும் கப்பல் நிக்குது. துறைமுகத்துலதானே நிக்கப் போகுது, இறங்கி நடந்தே பழைய துறைமுகம், புது மியூசியம் எல்லாம் பாத்துடலாமா? இன்னொண்ணு, அங்க பழசையெல்லாம் இடிச்சுட்டு மால் மாதிரி கட்டி வச்சிருக்காங்க, பாக்க ஒண்ணுமில்லன்னு ஒருத்தங்க சொன்னாங்க. உண்மையா?

12 மார்ச் 2024, இரவு 9.40

நடக்க முடியாது. இதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் இங்கதான் ஏமாறாங்க. மார்செய்ல துறைமுகம்னா ஒண்ணு இல்ல. கோட்டை, மீன் மார்க்கெட், பாய்மரப் படகுன்னு நீங்க போட்டோல பாக்கறது பழைய துறைமுகம், ஊருக்கு நடுவுல கடல் உள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கும். அதுக்குப் பக்கத்துல வடக்கால ஜொலியெத்னு இன்னொரு துறை. கோர்சிகா, அல்ஜீரியா ஃபெர்ரி எல்லாம் அங்கேர்ந்துதான் கிளம்பும். பெரிய க்ரூஸ் கப்பல் நிக்கறது அதுக்கும் வடக்க, ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, சுத்தி கன்டெய்னரும் லாரியும் கம்பி வேலியும்தான். ரொம்ப சின்ன கப்பல்னா ஜொலியெத் பக்கமே விடுவாங்க, உங்களது அப்படி இருக்காதுன்னு நினைக்கிறேன். ஷட்டில் பஸ் உண்டான்னு கப்பல்லயே கேட்டு வச்சுக்கோங்க, ஜொலியெத்ல இறக்கி விட்டா நல்லது, அங்கேர்ந்து எல்லாமே நடை தூரம்.

பாக்க ஒண்ணுமில்லங்கறது சுத்தப் பொய். நான் இருக்கறது லியோன்ல, டிஜிவி ரயில்ல ஏறினா ஒண்ணே முக்கால் மணி நேரம், இதுவரைக்கும் ஆறேழு தடவை போயிருக்கேன். மாலும் ஒண்ணு இருக்கு, ஆமா. அதைப் பாக்க வேண்டாம். முசெம் மியூசியம், பக்கத்துல சேன் ழான் கோட்டை, ரெண்டுக்கும் நடுவுல கடலுக்கு மேல ஒரு கறுப்புப் பாலம், இதுக்கே அரை நாள் போயிடும். திங்கட்கிழமை மூடியிருக்கும், தேதியைப் பாத்துக்கோங்க.

12 மார்ச், அதே ராத்திரி

எழுத மறந்தது: தொப்பி போட்டா கயிறு கட்டிக்கோங்க. அந்தப் பாலம் 115 மீட்டர் நீளம், கைப்பிடியைத் தவிர மறைப்பு எதுவும் கிடையாது, மிஸ்ட்ரால் காத்து அடிச்சா ஆளையே தள்ளும். என்னோட தொப்பி ஒண்ணு 2019லேர்ந்து அந்தத் தண்ணிக்குள்ளதான் கிடக்கு.

14 மார்ச் 2024

தப்பா சொல்லிட்டேன், முசெமுக்கு லீவு செவ்வாய்க்கிழமை. திங்கள் இல்ல. பிரான்ஸ்ல பாதி மியூசியத்துக்கு திங்கள், பாதிக்கு செவ்வாய், இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இன்னும் மனப்பாடம் ஆகல.

டிக்கெட் எடுக்கணுமான்னு கேட்டிருந்தீங்க. உள்ள கண்காட்சிக்குத்தான் டிக்கெட். கோட்டைத் தோட்டம், பாலம், முசெமோட மொட்டைமாடி எல்லாம் சும்மாவே போகலாம். இது நிறைய பேருக்குத் தெரியாம வெளிய நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. கட்டடத்தைச் சுத்தி கான்க்ரீட்லயே மீன் வலை பின்னி மாட்டின மாதிரி இருக்கும், ரூடி ரிச்சியோத்தின்னு ஒரு ஆர்க்கிடெக்ட் பண்ணது, 2013 ஜூன்ல திறந்தாங்க. அந்த வலைக்கும் கண்ணாடிச் சுவருக்கும் நடுவுல ஒரு சாய்வுப் பாதை சுத்திச் சுத்தி மேல ஏறும். வெயில் நேரத்துல அந்த வலையோட நிழல் தரையில, உங்க சட்டையில, பக்கத்துல வர்றவங்க மூஞ்சியில எல்லாம் விழும். எனக்கு உள்ள இருக்கற பொருளை விட இந்த நடைதான் பிடிச்சது, சொன்னா மியூசியம்காரங்க கோவிச்சுப்பாங்க.

மாமியாருக்கு முட்டி வலின்னா லிஃப்ட்ல மொட்டைமாடி போயிட்டு, பாலம் வழியா கோட்டைக்குப் போங்க, பாலம் சமதளம்தான். பனியேன்னு சொல்ற பழைய குடியிருப்புப் பக்கம் போனாத்தான் மேடும் படியும்.

17 மார்ச் 2024

சாப்பாடு. கேட்டதே வேற, ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியல.

பூயபேஸ்னு ஒரு மீன் குழம்பு, மார்செய் போனா சாப்பிட்டே ஆகணும்னு எல்லாரும் சொல்வாங்க. ஒரு காலத்துல மீனவங்க விக்காத மீனை, முள்ளு மீனையெல்லாம் போட்டு கொதிக்க வச்சது. இப்ப விலையைக் கேட்டா மயக்கம் வரும். நல்ல இடத்துல முன்னாடியே சொல்லி வைக்கணும், குழம்பு தனியா மீன் தனியா வரும். பழைய துறைமுகத்து ஓரமா மெனுவை ஆறு பாஷைல எழுதி வாசல்ல ஆள் நின்னு கூப்பிடற ஒரு கடையில நானும் என் பொண்டாட்டியும் போய் மாட்டினோம், பேர் வேண்டாம். வந்தது மஞ்சத்தண்ணி. அவ ஒரு வாய் வச்சுட்டு "இதுக்கு எங்கம்மா ரசமே தேவலாம்"னா. கோவத்துல சொன்னது இல்ல, நிஜமாவே தேவலாம்.

பனீஸ் சாப்பிடுங்க. கொண்டைக்கடலை மாவைக் களி மாதிரி கிண்டி ஆற வச்சு வெட்டி எண்ணெய்ல பொரிச்சது, மேல உப்பு மிளகு. வெளிய மொறுமொறு, உள்ள வெண்ணெய் மாதிரி. பஜ்ஜி மாவை வெங்காயம் இல்லாம பொரிச்ச மாதிரின்னு நான் சொல்லப் போய் மார்செய்க்காரன் ஒருத்தன் முறைச்சான். மாமியாருக்குக் கண்டிப்பா பிடிக்கும், சைவம் வேற.

20 மார்ச் 2024

யாரோ கேட்டிருக்காங்க, மீன் மார்க்கெட் பக்கத்துல இருக்கற அந்தக் கண்ணாடிக் கூரை என்னன்னு. கண்ணாடி இல்ல, பாலிஷ் போட்ட ஸ்டீல். நார்மன் ஃபாஸ்டர் பண்ணது, அதுவும் 2013தான், 46க்கு 22 மீட்டர், எட்டே எட்டு மெல்லிசு தூண்ல நிக்குது. கீழ நின்னு அண்ணாந்து பாத்தா ஊரே தலைகீழா தெரியும். குழந்தைங்க தரையில படுத்துக்கிட்டு கை கால் ஆட்டும். முன்னாடி அங்க பூராவும் காருங்க, படகுக் கிளப்புங்க வேலி போட்டு வச்சிருந்துச்சு, ஜனங்க தண்ணியைப் பாக்கணும்னா எட்டிப் பாக்கணும். இப்ப கல் பாவி நடக்க விட்டிருக்காங்க. ஊரைப் புதுப்பிச்ச மொத்த ரிப்பேர்லயும் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா ஒண்ணும் பெருசா பண்ணல, இருந்த குப்பையை எடுத்துட்டு நிழலுக்கு ஒரு கூரை போட்டாங்க, அவ்வளவுதான்.

மீன் மார்க்கெட் காலைலதான். மதியம் போனா ஈரத்தரைதான் இருக்கும்.

20 மார்ச், கொஞ்சம் கழிச்சு

மீன்னதும் ஞாபகம் வந்துச்சு. பிரான்ஸ்ல யாராவது அளந்து விட்டா "மத்தி மீன் மார்செய் துறைமுகத்தை அடைச்ச கதை"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. மார்செய்க்காரன் எல்லாத்தையும் பெருசாக்குவான்னு அர்த்தம். நானும் ரொம்ப நாள் வெறும் ஜோக்னுதான் நினைச்சேன். உண்மையிலேயே அடைச்சிருக்கு, ஆனா மத்தி மீனைச் சொல்ற சார்தீன் (sardine) இல்ல, சார்த்தீன் (Sartine). அப்போ கடற்படை மந்திரியா இருந்தவரோட பேரை வச்ச கப்பல். 1780ல துறைமுக வாய்லயே முங்கி வழியை அடைச்சுடுச்சு. அது எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? நம்ம பாண்டிச்சேரிலேர்ந்து. 1778ல இங்கிலீஷ்காரன் பாண்டிச்சேரியைப் பிடிச்சப்போ சிறையெடுத்த பிரெஞ்சுக்காரங்களைத் திருப்பி ஏத்திட்டு வந்த கப்பல். வழியில ஒரு இங்கிலீஷ் போர்க்கப்பல் தப்பா சுட்டு அடிபட்டு, அப்படியே தள்ளாடி வந்து வீட்டு வாசல்ல விழுந்துச்சு.

நான் பாண்டிச்சேரிக்காரன்கறதால இதை யார் கிடைச்சாலும் சொல்லிட்டே இருக்கேன். ஆபீஸ்ல இப்ப யாரும் சிரிக்கறதில்ல.

3 ஏப்ரல் 2024

முதல் நோட்டைத் திரும்பப் படிச்சேன். "பழசையெல்லாம் இடிச்சுட்டாங்க"ங்கறதைப் பொய்னு ஒரே வெட்டா வெட்டிட்டேன். அது சரியில்ல. இடிச்சது உண்மை. இடிச்சவங்கதான் வேற.

பழைய துறைமுகத்தோட வடக்குக் கரையில நின்னா ஒரே மாதிரி கல் கட்டடங்க வரிசையா இருக்கும், 1950கள்ல கட்டினது, ஃபெர்னான் பூயோன் கை பட்டது. நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி அங்க சந்து சந்தா ஒரு முழு ஊர் இருந்துச்சு. 1943 ஜனவரியில ஜெர்மன்காரனும் பிரெஞ்சு போலீஸும் சேர்ந்து சுத்தி வளைச்சு 20,000 பேரை வெளியேத்தினாங்க, நிறைய பேரை முகாமுக்கு அனுப்பினாங்க, அதுல எத்தனையோ பேர் யூதருங்க, திரும்பி வரவே இல்ல. பிப்ரவரியில வெடி வச்சு ஏறக்குறைய 1500 கட்டடத்தைத் தரைமட்டமாக்கினாங்க. நகர மண்டபத்தை விட்டு வச்சாங்க, இன்னும் ரெண்டு மூணு பழைய வீடு தப்பிச்சது. அதனாலதான் அந்தக் கரையில 17ஆம் நூற்றாண்டு நகர மண்டபம் மட்டும் தனியா, குரூப் போட்டோல தப்பா வந்து நின்ன ஆள் மாதிரி நிக்குது.

நான் மூணு தடவை அதுக்கு முன்னாடி ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு ஏன் இப்படி இருக்குன்னு யோசிக்காம வந்திருக்கேன்.

4 ஏப்ரல் 2024

புதுப்பிப்பு எப்ப ஆரம்பிச்சதுன்னு கேட்டதுக்கு: யூரோமெடிதெரானேன்னு அரசாங்கத் திட்டம், 1995ல. முதல்ல 310 ஹெக்டேர், அப்புறம் வடக்க இன்னும் 170 சேத்தாங்க. கப்பல் வேலை குறைஞ்சு கிடங்கெல்லாம் காலியா கிடந்த பகுதி. லா மஜோர் கதீட்ரல் முன்னாடி முன்ன மேம்பாலத்துல கார் ஓடும், அதைச் சுரங்கத்துக்குள்ள விட்டுட்டு மேல நடைபாதை போட்டாங்க. 1927ல கட்டின தானியக் கிடங்கு ஒண்ணு இப்ப கச்சேரி ஹால். ஸாஹா ஹதீத் பண்ண 147 மீட்டர் கண்ணாடிக் கோபுரம், கப்பல் கம்பெனியோடது, எங்கேர்ந்து பாத்தாலும் தெரியும், வழி தப்பினா அதை வச்சுத் திசை கண்டுபிடிக்கலாம், அதுக்கு மேல எனக்கு அதுல ஒண்ணும் இல்ல.

டாக்ஸ்னு சொல்ற பழைய கிடங்கு மட்டும் போய்ப் பாருங்க. 1860கள்ல முடிச்சது. வருஷத்து நாள் கணக்குக்கு 365 ஜன்னல் வச்சுக் கட்டினதாம்.

5 ஏப்ரல் 2024

ஜன்னல் இல்ல, நீளம். 365 மீட்டர் நீளம். ஏழு மாடி வாரத்துக்கு ஏழு நாள், நாலு முற்றம் நாலு பருவம், 52 கதவு 52 வாரம்னு கைடுங்க சேத்துச் சொல்வாங்க. நான் கதவை எண்ணிப் பாக்கல. அதுவும் இப்ப உள்ள கடையும் ஆபீஸும்தான், ஆனா அந்தச் செங்கல் சுவரும் இரும்புத் தூணும் அப்படியே வச்சிருக்காங்க.

9 மே 2024

நேத்து டிவில பாத்தீங்களா? ஒலிம்பிக் ஜோதி வந்துச்சு, பெலெம்னு மூணு பாய்மரக் கப்பல்ல, நேரா பழைய துறைமுகத்துக்குள்ள. கரையெல்லாம் தலை. பெரிய கப்பல் உள்ள நுழையறதை அந்த ஊர் எப்ப கடைசியா பாத்துச்சோ. (1780 ஞாபகம் வந்து நான் மட்டும் தனியா சிரிச்சேன்.)

26 மே 2024

கேட்டவங்களுக்கு ஜூன் நெருங்குதே, அதனால சுருக்கமா: ஷட்டில்ல ஜொலியெத், அங்கேர்ந்து டாக்ஸை எட்டிப் பாத்துட்டு லா மஜோர் வழியா முசெம் மொட்டைமாடி, பாலம், கோட்டை, கீழ இறங்கினா பழைய துறைமுகம். அங்க நகர மண்டபத்துக்கு எதிர்லேர்ந்து அந்தக் கரைக்கு ஒரு குட்டிப் படகு போகும், அஞ்சு நிமிஷம் கூட ஆகாது, மாமியாரை அதுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க, சந்தோஷப்படுவாங்க. மலை மேல மாதா கோவில் பாக்கணும்னா பழைய துறைமுகத்துலேர்ந்து சின்ன ரயில் மாதிரி வண்டி போகுது. கோவில் கூரையில குட்டிக் குட்டிக் கப்பல் பொம்மையா தொங்கும், கடல்ல தப்பிச்சவங்க காணிக்கை, வேளாங்கண்ணி பாத்தவங்களுக்கு உடனே புரியும். காத்து அடிச்சா இஃப்னு ஒரு பழைய தீவுச் சிறை இருக்கே, அதுக்குப் படகு விட மாட்டாங்க, அதை நம்பி உக்காந்திருக்காதீங்க.

முசெம் பக்கத்துலயே கடலுக்கு மேல நீட்டிக்கிட்டு ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கும். 2013ல பெரிய செலவுல கட்டிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம வச்சிருந்தாங்க. 2022 ஜூன்லேர்ந்து உள்ள கோஸ்கே குகையோட நகல். அசல் குகைக்கு வாசல் கடலுக்கு அடியில 37 மீட்டர் ஆழத்துல, உள்ள 27,000 வருஷத்துக்கு முந்தின கை அச்சு, அப்புறம் குதிரை, சீல், பெங்குவின் மாதிரி ஒரு பறவை. அசல்ல தண்ணி ஏறிட்டே இருக்கு, ஓவியம் அழியுது, அதனால இந்த நகல். நகல்னு கேவலமா நினைச்சுத்தான் போனேன். சின்ன வண்டியில உக்கார வச்சு 35 நிமிஷம் சுத்திக் காட்டறாங்க, இறங்கறப்ப வாயே திறக்கல நான்.

2 ஜூலை 2024

கேட்டவங்க போயிட்டு வந்து எழுதியிருக்காங்க, மால்ல ஏசியில மாமியார் ரெண்டு மணி நேரம் உக்காந்ததுதான் அவங்களுக்கு பெஸ்ட்டாம். சரி.

23 செப்டம்பர் 2024

இழை செத்துப் போச்சுன்னு தெரியும், ஆனா சனிக்கிழமை நடந்ததை இங்கதான் எழுதணும்.

என் தாய்மாமா சொல்தா. வெளியூர்க்காரங்களுக்கு: பாண்டிச்சேரியில பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களை அப்படித்தான் சொல்வோம். 1964ல பாண்டிலேர்ந்து ரயில்ல பம்பாய் போய், அங்க கப்பல் ஏறி, சூயஸ் வழியா மார்செய்ல வந்து இறங்கினவர். வயசு இப்ப 81. பாரிஸ் பக்கத்துல இருக்கார். இந்த நோட்டெல்லாம் அவருக்குப் படிச்சுக் காட்டினேன், "கூட்டிட்டுப் போடா, பாத்துட்டு வரலாம்"னார்.

பழைய துறைமுகத்துல கொண்டு போய் நிறுத்தி, "மாமா, இங்கதானே இறங்கினீங்க"ன்னு பெருமையா கேட்டேன். "இங்கயா? இது படகு நிக்கற குட்டைடா. எங்க கப்பல் எப்படிடா இதுக்குள்ள வரும்?" அதானே. பெரிய கப்பலுக்குன்னு 1844லயே ஜொலியெத்ல வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க, மே மாசம் ஜோதி வந்தப்ப பெரிய கப்பல் எப்ப வந்துச்சோன்னு எழுதினப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

முசெம் போனோம். அந்தக் கட்டடம் இருக்கறதே பழைய கப்பல் மேடைதான், ஜே4ன்னு இன்னும் கூப்பிடறாங்க, ஜொலியெத் நாலாம் மேடை. மாமா கான்க்ரீட் வலையைத் தட்டிப் பாத்தார். "நல்லா இருக்கு"ன்னார். கல்யாண வீட்டுல சாம்பார் எப்படின்னு கேட்டா சொல்ற நல்லா இருக்கு. அவர் தேடினது ஒரு தகர ஷெட்டு, தரையெல்லாம் எண்ணெய், மூட்டை, யாரோ சீட்டு பாத்துப் பேர் கூப்பிட்டது, பேரைத் தப்பா கூப்பிட்டதால இவர் பதில் சொல்லாம நின்னுட்டது. எந்த மேடைன்னு அவருக்கே ஞாபகமில்ல. நான் லாவண்டர் செடியெல்லாம் காட்டிட்டிருந்தேன்.

கால் வலிக்குதுன்னார். பக்கத்துல உக்கார இடம் அந்த மால்தான். முதல் நோட்ல பாக்க வேண்டாம்னு எழுதினேனே, அதே மால், தெராஸ் து போர், 2014ல திறந்தது. நான் உள்ள போனதே இல்ல. துணிக்கடைகளைத் தாண்டிப் பின்பக்கம் போனா ஒரு பெரிய பால்கனி, 260 மீட்டர் நீளம், கீழ நேரா ஃபெர்ரி துறை. வேலி போட்டு யாரையும் உள்ள விடாத, இன்னும் ஓடிட்டிருக்கற துறைமுகம், மேலேர்ந்து அப்படியே தெரியுது.

அல்ஜீரியா கப்பல் நின்னுச்சு. கார் வரிசை. ஒவ்வொரு கார் மேலயும் மெத்தை, சைக்கிள், ஃப்ரிட்ஜ், தார்ப்பாய் போட்டுக் கட்டினது. ஒரு பொம்பளை சாப்பாட்டு டப்பாவைக் காரோட பானெட்டு மேல விரிச்சு வச்சிருந்தா. மாமா ரெயிலிங்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னார், உக்காரவே இல்ல. "இதான்டா"ன்னார். ஒரு மணி நேரம் இருக்கும். கடைசிக் கார் ஏறி, பின்கதவு மூடி, கயித்தை அவுக்கற வரைக்கும் நின்னு பாத்தார். ஹாரன் அடிச்சப்ப என் தோளைப் பிடிச்சார், பிடிச்சதை அப்புறம் எடுத்துட்டார்.

ஆக, ஜூலைல மாமியார் சொன்னதுக்கு நான் "சரி"ன்னு ஒத்தை வார்த்தைல எழுதினது திமிரு. மன்னிச்சுக்கோங்கம்மா.

24 செப்டம்பர் 2024

"அப்ப ரிப்பேர் பண்ணது தப்பா"ன்னு மேல ஒருத்தர் கேக்கறார். அப்படிச் சொல்லல. தண்ணிக்கிட்ட ஜனங்க போக முடியுது, அது நல்லது. ஆனா பணம் எங்க நின்னுச்சுன்னு பாக்கணும்னா பழைய துறைமுகத்துலேர்ந்து அஞ்சு நிமிஷம் நடந்து நொவாய் மார்க்கெட் பக்கம் போங்க. அங்க ரூ தொபாஞ்ங்கற தெருவுல 2018 நவம்பர் 5ஆம் தேதி பழைய வீடுங்க இடிஞ்சு விழுந்து 8 பேர் செத்தாங்க. முசெம் திறந்து அஞ்சு வருஷம் ஆயிருந்துச்சு. ரிபப்ளிக் தெருவுலயும் புதுப்பிக்கறோம்னு பழைய குடித்தனக்காரங்களைக் கிளப்பினதுக்கு வருஷக்கணக்கா போராட்டம் நடந்துச்சு. ஊர்க்காரங்க கோவம் புது மியூசியத்து மேல இல்ல, வாசல்ல கோலம் போட்டுட்டுக் கூரை ஒழுகறதை விட்டுட்டாங்கங்கறதுதான்.

நொவாய்ல மளிகையும் மசாலாவும் நல்லா கிடைக்கும், அதுக்காகவாவது போங்க.

24 செப்டம்பர், ராத்திரி

மாமா போன் பண்ணார். கப்பல் பேர் ஞாபகம் வந்துடுச்சாம், லாவோஸ். முதல்ல வியட்நாம்னு சொன்னார், அத்தை பின்னாடிலேர்ந்து "அது உங்க அண்ணன் வந்தது"ன்னு கத்தினாங்க. பேரைத் தப்பா கூப்பிட்டாங்கன்னாரே, என்னன்னு கூப்பிட்டாங்கன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டார்.